ஐட்லர் 4.26 மைக்ரான்: சிக்னல் வருகிறது, ஃபிரிஞ்ச் (குறுக்கீட்டு வரிகள்) மட்டும் வரவில்லை. உதவுங்கள்

கேள்வி:
மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். 532 நானோமீட்டர் லேசரை லித்தியம் நியோபேட் படிகத்தில் விட்டு ஃபோட்டான் ஜோடிகளை எடுக்கிறேன். ஜோடியில் கண்ணுக்குத் தெரியும் சிக்னல் 608 நானோமீட்டரில், அதன் அகச்சிவப்புத் துணையான ஐட்லர் 4.26 மைக்ரானில். கார்பன் டை ஆக்சைடு வழியாகப் போவது ஐட்லர். கேமரா பார்ப்பது சிக்னலை மட்டும். அகச்சிவப்பு டிடெக்டர் வாங்க வழியில்லாததால்தான் இந்த முறைக்கே வந்தேன். மைக்கேல்சன் அமைப்பு: லேசர், சிக்னல், ஐட்லர் ஆகிய மூன்று கற்றைகளும் மிரரில் பட்டு அதே படிகத்துக்குத் திரும்புகின்றன. ஐட்லர் மிரரை மைக்ரான் மைக்ரானாக நகர்த்தியும் ஃபிரிஞ்ச் இல்லை. ஐட்லரைக் கையால் மறைத்தாலும் எதுவும் மாறவில்லை.

பதில் 1:
மறைத்தால் சிக்னலின் சராசரி வெளிச்சம் மாறாது, அது சரிதான். லேசர் படிகத்தைக் கடக்கும் முதல் சுற்றில் ஜோடி பிறந்ததா, திரும்பி வரும் இரண்டாவதிலா என்று அறியவே முடியாதபோதுதான் ஃபிரிஞ்ச் வரும். இயற்பியலாளர்கள் சோவ், வாங், மண்டெல் 1991-இல் காட்டியது இதைத்தான். பாதை நீளங்களைப் பாருங்கள். சிக்னலின் அகலம் 10 நானோமீட்டர் என்றால், சிக்னல், ஐட்லர் பாதைகள் சுமார் 37 மைக்ரானுக்குள் பொருந்த வேண்டும். கேமராவில் தேடினால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போலத்தான். ஸ்பெக்ட்ரோமீட்டரை வையுங்கள். பாதை வித்தியாசம் இருந்தாலும் நிறமாலையில் நெருக்கமான அலைகள் தெரியும்; வித்தியாசம் குறையக் குறைய அவை அகலும்.

பதில் 2:
அதற்கு முன் ஒன்று: ஐட்லர் பாதையில் என்ன லென்ஸ்?

கேட்டவர்:
பி.கே.7 கண்ணாடி, குவியத்தூரம் 50 மில்லிமீட்டர். அலமாரியில் இருந்ததை எடுத்துப் போட்டேன்.

பதில் 2:
அதுதான் தம்பி. நம் கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும் அந்தக் கண்ணாடி, 4.26 மைக்ரானுக்குச் சுவர். ஐட்லர் மிரருக்கே போய்ச் சேரவில்லை, அப்புறம் கையால் எதை மறைத்தீர்கள்? கால்சியம் ஃபுளோரைடு லென்ஸ் போடுங்கள். தங்கம் பூசிய பரவளைய மிரர் கிடைத்தால் இன்னும் நல்லது, நிறத்துக்கு நிறம் குவியம் மாறாது. நிறம் பார்த்துக் கற்றைகளைப் பிரிக்கும் டைக்ரோயிக் மிரரின் அடித்தளம் என்ன என்றும் பாருங்கள், ஐட்லர் அதை ஊடுருவிப் போவதானால் அங்கேயும் இதே கதைதான். அறைக் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் 4.26-ஐ விழுங்கும். ஆகவே ஐட்லரை மாற்றி, முதல் ஃபிரிஞ்சை 3.4 மைக்ரானில் தேடுங்கள்; அப்போது சிக்னல் 631-க்குப் போகும்.

கேட்டவர் (9 நாள் கழித்து):
அண்ணா, வந்துவிட்டது! தங்க மிரர் போட்டு 631-இல் அலைகளைப் பிடித்தேன். கையை வைத்தால் மறைகிறது, எடுத்தால் வருகிறது. பிறகு 4.26-க்கு மாற்றி, பெட்டிக்குள் நைட்ரஜன் விட்டேன். நேற்று இரவு மூடியைத் திறந்து ஐட்லர் பாதையில் ஒருமுறை மூச்சு விட்டேன். 608-ஐ ஒட்டிய அலைகள் மட்டும் தணிந்து, சில நொடிகளில் திரும்ப எழுந்தன.