பாப்பாவுக்குப் பள்ளியா, வீடா? குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

கவிதா: பெரியப்பா, சித்தி, ஒரு யோசனை கேட்கணும். பாப்பா ஐந்தாவது முடிக்கிறாள். ஆறாவதுக்கு மறுபடியும் ஃபீஸை ஏற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை டெஸ்ட் என்றால் ஞாயிறு மாலையே வயிற்று வலி என்கிறாள். பேசாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

அருண்: தாராளமாக, அக்கா. குகேஷ் நான்காவதோடு பள்ளிக்குப் போவதை நிறுத்தியவர்தானே? 2024இல் உலக சாம்பியன்!

பெரியப்பா: அவருக்குச் செஸ் இருந்தது தம்பி. நம் பாப்பா கேரம் ஆடினாலே சிவப்புக் காயை ஒளித்துவைக்கிறாள் 😄

கவிதா: சட்டப்படி சிக்கல் வருமா?

பெரியப்பா: பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. 14 வயதுக்குள் மனம் மாறினால் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்கலாம் கண்ணு.

அருண்: பத்தாவதுக்கு என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) இருக்கிறது, பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுதலாம். 14 வயதானால் எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம், 5 ஆண்டு அவகாசம். அதில் பன்னிரண்டாவது முடித்து நீட்டும் எழுதலாம்.

சுதா சித்தி: இப்போதுதான் பார்த்தேன். எல்லாம் சரி, பகலில் பாப்பாவோடு யார் உட்காருவது?

முருகேஷ்: கவிதா வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறாள், சின்னத்தை.

சுதா சித்தி: மாப்பிள்ளை, அருண் ஒன்றை விட்டுவிட்டான். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போகத் தன் தொழிலையே ஒதுக்கி வைத்தவர்.

முருகேஷ்: 🙏

முருகேஷ்: கணக்கு நான் சொல்லித் தருகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல்.

கவிதா: எட்டு மணிக்கு அவள் தூங்கி வழிவாள்! பகலில் நான் மீட்டிங்கில் இருந்தால் டேப்லெட்தான் துணை.

சுதா சித்தி: இன்னொன்றும் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் உண்டு. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். வீட்டில் படித்தால் இதெல்லாம் கிடையாது. ஓராண்டு வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஏழாவதில் சேர்த்தாலும் கணக்கில் வராது.

கவிதா: அட, இது எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியப்பா: வயிற்று வலி படிப்பாலா, அந்தப் பள்ளியாலா? அதை முதலில் பாருங்கள்.

முருகேஷ்: அரசுப் பள்ளி என்றால் இங்கிலீஷ்...?

சுதா சித்தி: நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியில் ஆங்கில வழி இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தனி ஆசிரியர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கவிதா: பாப்பாவிடம் கேட்டேன். வீட்டில் படித்தால் ஆண்டு விழா உண்டா என்கிறாள்.

அருண்: மாமா ஆடுவார் 😂

முருகேஷ்: 😐

கவிதா: சித்தி, சேர்க்கைக்கு என்னென்ன வேண்டும்?

சுதா சித்தி: பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ, டிசி. டிசி தர அவர்கள் இழுத்தடித்தாலும் அதைச் சொல்லி நாங்கள் சேர்க்கையை மறுக்க முடியாது. புதன்கிழமை வாருங்கள், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு.