டவரிடம் திட்டு வாங்கிய பிறகு வரும் அமைதி

தனியார் விமானி, 9 ஆண்டுகள்

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நீங்களும் எழுதுங்கள். விமானத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, டவரில், அதாவது விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், உட்கார்ந்தவர்களும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். செஸ்னா 172 என்ற சின்ன விமானம். பக்கத்து சீட்டில் அக்கா மகன், அவனுக்கு இதுதான் முதல் பறப்பு. பெரிய ஜெட்டுகள் வந்து போகும் விமான நிலையம், நெரிசல் நேரம் வேறு. ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், நான் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில் வந்துகொண்டிருக்கிறேன், எனக்குப் பின்னால் ஒரு ஜெட் 140 நாட் வேகத்தில். ஒரு கடல் மைலைக் கடக்க எனக்கு 55 விநாடி ஆகும், அதற்கு 26 விநாடி போதும். கண்ட்ரோலர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வேகத்தைக் குறைக்காமல் வரச் சொல்லியிருந்தார். "சரி" என்று சொல்லிவிட்டு நான் அந்த 65-க்குக் குறைத்துவிட்டேன். அவ்வளவு வேகத்தோடு ரன்வேயை நெருங்க எனக்குப் பயம். இறங்கியதும் முதல் டாக்சிவேயில் வெளியேறச் சொன்னார், அதையும் தவறவிட்டேன். அடுத்த டாக்சிவேயை நோக்கி உருண்டு போகும்போதே ஜெட்டை கோ அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறி) போகச் சொல்வது காதில் விழுந்தது.

அடுத்தது எனக்கு. "இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால் இங்கே வரவே கூடாது." அந்த ரேடியோ ஃப்ரீக்வென்சியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

திட்டியதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நிமிடம்தான் விஷயம். பார்க்கிங் போக இன்னொரு ரன்வேயைக் கடக்க வேண்டும். அதற்கு முன்னால் நிற்கச் சொல்லி, தரையில் நகரும் விமானங்களைப் பார்க்கும் கிரவுண்டிடமிருந்து உத்தரவு வந்தது. ஒழுங்காக ரீட்பேக்கும் செய்தேன், அதாவது உத்தரவைத் திருப்பிச் சொன்னேன். வாய்தான் செய்தது. மனசு இன்னும் அந்த ஒரு வாக்கியத்திலேயே நின்று, என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பேச்சு பட்டன் மேலேயே இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. "மாமா, அந்தச் சிவப்பு போர்டு என்ன?" என்று பையன் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம், அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டின் மேல் நின்றது. மூச்சு விடுவதற்குள் எங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு டர்போப்ராப் ஓடி மேலே ஏறியது.

ஒரு மணி நேரம் கழித்து, கோபம் ஆறாமலே டவருக்கு போன் செய்தேன். அவரே எடுத்தார். அந்தச் சமயத்தில் இரண்டு ஃப்ரீக்வென்சியை ஒன்றாகச் சேர்த்து அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தாராம். எனக்குக் கேட்டது பாதிதான், மீதிப் பாதி அவர் காதில் மட்டும். ஃப்ரீக்வென்சியில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் 'அனேபிள்' (முடியாது) என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எட்டு மைலிலேயே ஜெட்டைத் திருப்பிவிட்டிருப்பேன். நீங்கள் சரி என்றீர்கள், நான் நம்பினேன்."

தப்பு என் பக்கம் தொடங்கியது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த மஞ்சள் கோட்டுக்கு என்னைக் கொண்டுபோனது அந்தத் திட்டுதான் என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கண்ட்ரோலர், 22 ஆண்டுகள்

விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் பேச்சு சரிதான்.

எங்கள் பக்கத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஃப்ரீக்வென்சி அமைதியாக இருந்தால் கண்ட்ரோலர் சும்மா இருக்கிறார் என்று பல விமானிகள் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்து செக்டரோடு போனில் இருப்போம், இல்லாவிட்டால் இன்னொரு ஃப்ரீக்வென்சியில் பேசிக்கொண்டிருப்போம். "ஸ்டாண்ட்பை" என்றால் காத்திருங்கள் என்றுதான் அர்த்தம். கேட்டது கிடைத்துவிட்டது என்றோ, மறுத்துவிட்டோம் என்றோ ஆகாது.

ஒருமுறை ஒரு விமானி ரன்வேக்கு முன்னால் காத்திருக்கும் ஹோல்டிங் பாயிண்டில் இருந்துகொண்டு, "நான்தான் முதலில் வந்தேன், அவரை எப்படி முன்னால் விட்டீர்கள்?" என்று ஆரம்பித்தார். முன்னால் போனவருக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் கிளம்பியாக வேண்டும் என்ற நேரக் கட்டு இருந்தது. அது அவருக்குத் தெரிய வழியில்லை. கேட்டது தப்பில்லை. பட்டனை விடாமல் இருபது விநாடி பேசியதுதான் தப்பு. ரேடியோவில் ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்போது இன்னொருவர் பேசினால் இரண்டுமே கெட்டுப்போகும், கீச்சென்று ஒரு சத்தம்தான் மிஞ்சும். 27 மார்ச் 1977 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ரன்வேயில் மோதிக்கொண்டதில் இதுவும் ஒரு காரணம். "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று டவர் சொன்ன அதே கணத்தில், "நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானமும் சொன்னது. மேலே ஏற ஓடிக்கொண்டிருந்த கேஎல்எம் விமானத்தின் காக்பிட்டில் அந்த இரண்டும் கீச்சொலியாகத்தான் போய்ச் சேர்ந்தன. 583 பேர் இறந்தார்கள். எங்களுக்குப் பயிற்சியில் அந்த ஒலிப்பதிவைப் பற்றிப் படிக்க வைத்தார்கள். அன்றிலிருந்து, வாக்குவாதத்துக்காக யாராவது பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்த இருபது விநாடிக்குள் ஃபைனலில் இருக்கும் ஒருவருக்கு நான் கோ அரவுண்ட் சொல்ல வேண்டி வந்தால் என்ன செய்வது?

இப்போது என் தப்பு. பத்து வருடமாக மனதில் கிடக்கிறது.

தனியாகப் பறக்க வந்த ஒரு மாணவி. இறங்குவதற்கு முன் ரன்வேக்கு இணையாகப் பறக்கும் டவுன்விண்டில் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன், இடத்தைத் தப்பாகச் சொன்னார். திருப்பிக் கேட்டேன், மறுபடியும் தப்பு. "ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்றேன். கத்தவில்லை. கத்தாமலே குத்துகிற தொனி ஒன்று உண்டு, அந்தத் தொனி. அதன் பிறகு அவரை ஒரு ஆர்பிட் (வானில் ஒரு முழு வட்டம்) போடச் சொன்னேன், போட்டார். இன்னொன்று சொன்னேன், அதையும் போட்டார். இறங்கி, நடு டாக்சிவேயில் எஞ்சின் நின்றுவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, டவுன்விண்டிலிருந்தே எஞ்சின் உதறிக்கொண்டு இருந்திருக்கிறது. சக்தி குறைந்த எஞ்சினோடு, நான் சொன்ன இரண்டு ஆர்பிட்டையும் வாய் திறக்காமல் போட்டிருக்கிறார்.

ஷிஃப்ட் முடிந்து கீழே போனேன். விமானத்தை ஓரமாகத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அவர் இன்னும் சீட்டிலேயே இருந்தார், ஹெட்செட்டைக் கூடக் கழற்றவில்லை. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க பிஸியா இருந்தீங்க சார்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். இடத்தைத் தப்பாகச் சொன்னதே எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான்.

பயிற்றுநர்

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நானும் ஒன்று சொல்கிறேன்.

ஒரு மாணவரோடு சர்க்யூட்டில், அதாவது ரன்வேயைச் சுற்றும் பாதையில், இருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு 737. அதன் பின்னால் இறங்கச் சொல்லி, வேக் டர்புலன்ஸ் எச்சரிக்கையும் கொடுத்து, பேஸை (டவுன்விண்டிலிருந்து ஃபைனலுக்குப் போகும் திருப்பத்தை) நெருக்கமாகத் திருப்பச் சொன்னார்கள். விஎஃப்ஆரில், அதாவது கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி, இறங்கும்போது அந்த இடைவெளியை வைத்துக்கொள்வது விமானியின் பொறுப்பு. கண்ட்ரோலரின் கடமை எச்சரிப்பதோடு முடிந்துவிடுகிறது. பெரிய விமானத்தின் இறக்கை முனையிலிருந்து சுழலும் காற்று மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வரும். அதற்குள் மாட்டினால் எங்கள் மாதிரி விமானத்தை நேராக வைத்திருக்க இறக்கையிலிருக்கும் ஏலரான் போதாது. ஜெட்டின் பாதைக்கு மேலேயே வந்து, அதன் சக்கரம் பட்ட இடத்தைத் தாண்டி இறங்க வேண்டும் என்று அவனுக்கு வகுப்பில் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். தேர்வில் சரியாக எழுதியும் இருக்கிறான்.

சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது, கை பேஸுக்குத் திருப்புகிறது. நான் பட்டனை அழுத்தி, "அனேபிள், டவுன்விண்டை நீட்டிக்கொள்கிறோம்" என்றேன். கண்ட்ரோலர், "சரி, பேஸ் எப்போது என்று நான் சொல்கிறேன்" என்றார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

தரையிறங்கி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க கோபப்படுவாங்க சார்." அதற்கு முந்தைய வாரம் வேறொரு நிலையத்தில் ஒரு கண்ட்ரோலர் அவனைக் கடித்து வைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து, வேறு ஊரில், வேறு ஆளிடம் அது வேலை செய்கிறது பாருங்கள்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெரிய சாட்சி அவியாங்கா 052 என்ற கொலம்பிய விமானம். 25 ஜனவரி 1990, நியூயார்க்கை நெருங்கும் ஒரு 707. மோசமான வானிலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஹோல்டிங், அதாவது வானிலேயே வட்டமிட்டுக் காத்திருப்பு. அவசரநிலை என்று சொல்லச் சொல்லி கேப்டன் துணை விமானியிடம் சொல்கிறார். துணை விமானி டவரிடம் சொன்னதோ எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும், அதுவும் உத்தரவை ரீட்பேக் செய்வதோடு சேர்த்து. "எமர்ஜென்சி" என்ற சொல் கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. நான்கு எஞ்சினும் எரிபொருள் இல்லாமல் நின்று, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அந்தச் சொல் ஏன் வரவில்லை என்று முழுதாகச் சொல்ல அவர் உயிரோடு இல்லை. ஆனால் தயங்கும் குரலை எனக்குத் தெரியும், வாரம் ஒரு முறை பக்கத்து சீட்டில் கேட்கிறேன்.

2012 இல் சர்வதேச விதியிலேயே இதற்குச் சொற்களைத் தீர்மானமாக வைத்துவிட்டார்கள். இனி தாமதம் தாங்காது என்றால் "மினிமம் ஃப்யூயல்". கடைசி இருப்பிலும் கை வைத்துத்தான் இறங்க முடியும் என்றால் "மேடே ஃப்யூயல்". முதலாவது அவசரநிலை ஆகாது, இரண்டாவதுதான் அவசரநிலை. இதைத் தெரியாமல் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது என்னிடம் சேரும் எல்லோரையும் முதல் வாரத்திலேயே "அனேபிள்" என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். முடியாது என்பதோடு நிறுத்தக் கூடாது, எது முடியும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். விமானத்தின் இறுதி முடிவு அதை ஓட்டுகிறவரிடம்தான் என்று சர்வதேச விதியே சொல்கிறது. அந்த அதிகாரத்தைச் சண்டை போடாமல் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

தனியார் விமானி, டெயில்வீல்

நான் சண்டை போட்ட ஆள். என் அனுபவம் சின்னது.

உயரத்தை விட்டு 300 அடி இறங்கிவிட்டேன் என்று கண்ட்ரோலர் சொன்னார். இல்லை என்று வாதாடினேன், நாலு தரம். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே குரலில், உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் வைக்க வேண்டிய காற்றழுத்த செட்டிங்கை மட்டும் திரும்பச் சொன்னார். ஐந்தாவது முறைதான் குனிந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன் வைத்த பழைய செட்டிங்கிலேயே இருந்தது. அவர் குரல் உயர்ந்திருந்தால் நான் இன்னும் பத்து தரம் வாதாடியிருப்பேன், குனிந்து பார்த்திருக்கவே மாட்டேன். அவர் யார் என்று தெரியாது. அந்தக் குரலை மறக்க மாட்டேன்.

மாணவர், தனிப் பறப்பு 6 மணி நேரம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரே கேள்விதான். திட்டு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் நான் என்ன செய்ய வேண்டும்?

கண்ட்ரோலர், 22 ஆண்டுகள்

தம்பி, திட்டுக்குள் ஒரு உத்தரவு இருக்கும். அதை மட்டும் ரீட்பேக் செய்யுங்கள், மற்றதற்குப் பதில் வேண்டாம். உத்தரவு காதில் ஏறவில்லை என்றால் "ஸ்டூடண்ட் பைலட், மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நாங்கள் பேசும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். யாரும் குறைக்கவில்லை என்றால் இன்னொரு தரம் கேளுங்கள். டாக்சிவேயில் இருக்கும்போது மனசு ஓடுகிறது என்று பட்டால், கிரவுண்டிடம் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுங்கள். அரை நிமிடம் நிற்பதால் எங்களுக்கு ஒன்றும் குடி முழுகாது.

மணியைப் பார்த்து நீ-போர்டில் (தொடைமேல் வைக்கும் எழுதுபலகையில்) எழுதிக்கொள்ளுங்கள், யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். ஒலிப்பதிவைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மணி தெரிந்தால் அந்த இடத்தைச் சுலபமாக எடுத்துக் கேட்கலாம். இறங்கி, விமானத்தைக் கட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு டவருக்கு போன் செய்யுங்கள். புகார் என்று ஆரம்பிக்காதீர்கள், "இத்தனை மணிக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லுங்கள். முறைப்படி எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் ஏஎஸ்ஆர்எஸ் என்ற பாதுகாப்பு அறிக்கைத் திட்டம் இருக்கிறது, பிரிட்டனில் 1982 முதல் அதே மாதிரி சிர்ப். பெயர் வெளியே வராது. கண்ட்ரோலர்களும் அதே இடத்தில்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

எஞ்சின் லேசாக உதறினாலும் அதை முதலில் சொல்லுங்கள். நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

தனியார் விமானி, 9 ஆண்டுகள்

அக்கா மகனுக்கு இப்போது பதினேழு வயது. அடுத்த மாதம் பயிற்சியில் சேர்கிறான். மேலே இருக்கும் இந்தக் கடைசிப் பதிலை அப்படியே எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று அந்தச் சிவப்பு போர்டு என்ன என்று அவன் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று எனக்கு இன்று காலைதான் உறைத்தது. அதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.