குட்வுட்டில் நான் பார்த்த நீல ஜாகுவார்

பழைய பந்தயக் கார்களை நேரில் பார்த்த அனுபவம் என்றால் பலரும் ஃபெராரியைப் பற்றியே எழுதுகிறார்கள். என் பங்குக்கு இங்கிலாந்தின் ஜாகுவார் ஒன்று.

வேலை நிமித்தம் கவென்ட்ரியில் தங்கியிருந்தபோது, செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் குட்வுட் போனேன். தென் இங்கிலாந்தில் சிசெஸ்டர் நகரை ஒட்டிய பந்தயத் தடம் அது. 1948 முதல் 1966 வரை அங்கே பந்தயங்கள் நடந்தன. அந்தக் காலத்துக் கார்களை மட்டும் வைத்து நடத்தும் விழா 1998இல் தொடங்கியது.

உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது விளக்கெண்ணெய் வாசனை! சிறுவயதில் பாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றிய அதே எண்ணெய். பழைய பந்தய என்ஜின்கள் பலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய்தான் மசகு. காஸ்ட்ரால் என்ற மசகெண்ணெயின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்தது. அந்த வாசனை வந்த திசையில் நடந்தபோதுதான், வரிசையின் கடைசியில் ஜாகுவார் 1950களில் பந்தயத்துக்கென்றே செய்த டி-டைப் கார் ஒன்று நீல நிறத்தில் நிற்பதைப் பார்த்தேன்.

படங்களில் நூறு முறை பார்த்த கார்தான். ஆனாலும் அது அவ்வளவு சிறியது என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை. என் இடுப்புயரம்கூட இல்லை. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மட்டும் மீன் செட்டைபோல ஒரு தகடு எழுந்து நின்றது. 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் பிரான்சின் லெ மான் தடத்தில் அந்நாளில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீண்டிருந்த நேர்ச்சாலையில் வண்டி பக்கவாட்டில் அலையாமல் இருக்க வைத்த செட்டை அது. உடலை வடிவமைத்த மால்கம் சேயர் முன்பு பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் இருந்தவர்.

காரைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் நான் நின்ற நேரத்தைப் பார்த்தாரோ என்னவோ, "கிட்டே வாருங்கள்" என்று அழைத்து, மூக்குப் பகுதி முழுவதையும் முன்பக்கமாகத் திறந்து காட்டினார். வரிசையாக ஆறு சிலிண்டர், மூன்று வெபர் கார்புரேட்டர். மூக்கு தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக என்ஜினையே சற்றுச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நடுவே ஓட்டுநர் அமரும் பகுதி, விமானத்தைப்போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த ஒரு தொட்டி. 1954ஆம் ஆண்டுக் கார்களில் என்ஜினைத் தாங்கும் முன்சட்டத்தை இந்தத் தொட்டியோடு பற்றவைத்துவிட்டார்கள். மறு ஆண்டிலிருந்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இடித்து வளைந்தால் கழற்றி மாற்றலாம். அந்த ஒவ்வொரு போல்ட்டையும் பெரியவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

இனி அந்த நீல நிறம். டி-டைப் லெ மானில் 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. அத்தனை பெருமையையும் ஜாகுவார் தொழிற்சாலைக்கே கொடுத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஜாகுவார் தானே நடத்திய தொழிற்சாலை அணி வென்றது 1955இல் மட்டும். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் விபத்தில் மாண்ட பந்தயம் அது. அந்த வெற்றியைக் கொண்டாட எனக்கு மனம் வராது.

மற்ற இரண்டும், கார்களுக்கு இந்த நீலத்தைப் பூசிய எக்யூரி எகோஸ் என்ற ஸ்காட்லாந்து அணியின் வெற்றிகள். எடின்பரோவில் கணக்காளராக இருந்த டேவிட் மர்ரி தொடங்கிய அணி. மெர்ச்சிஸ்டன் மியூஸ் என்ற சந்தில் பட்டறை. மியூஸ் என்பது ஒருகாலத்தில் குதிரை லாயங்கள் இருந்த சந்து, எக்யூரி என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் லாயம் என்றே பொருள்! 1956இல் தொழிற்சாலை அணியின் மூன்று கார்களில் இரண்டு, இரண்டாவது சுற்றிலேயே விபத்தில் வெளியேறின. மூன்றாவது, எரிபொருள் குழாய்க் கோளாறால் பின்தங்கியது. அந்த நேரத்தில் ஜாகுவாரின் மானத்தைக் காப்பாற்றியது, ரான் ஃப்ளாக்ஹார்ட்டும் நினியன் சாண்டர்சனும் ஓட்டிய அந்த லாயத்துக் கார். ஸ்டிர்லிங் மாஸ், பீட்டர் காலின்ஸ் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் இரண்டாவதாக வந்தது.

அந்த ஆண்டு முடிவில் தொழிற்சாலை பந்தயத்திலிருந்தே விலகிவிட்டது. 1957 பிப்ரவரியில் ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் பெரும் தீ. ஆனால் அதே ஜூனில் லெ மானில் முதல் நான்கு இடங்களும் டி-டைப்புக்கு! முதலிரண்டும் எடின்பரோ அணிக்கு. ஃப்ளாக்ஹார்ட்டும் ஐவர் பியூபும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார்கள்.

1956இல் வென்ற கார் 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் சுமார் 2.18 கோடி டாலருக்கு ஏலம் போனது. இவ்வளவு விலை போகிற இனத்துக் காரைப் பந்தயத்தில் விடலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். "ஓட்டாமல் வைத்தால் ரப்பரெல்லாம் காய்ந்துவிடும். இது ஓடப் பிறந்தது" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பிற்பகலில் அது ஓடியது. வளைவுக்கு வளைவு பின்சக்கரங்கள் மெல்ல வழுக்க, அந்த நீலச் செட்டை மட்டும் கூட்டத்தின் தலைகளுக்கு மேல் தெரிந்து மறைந்தது. எத்தனையாவதாக வந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. திரும்பி வந்தபோது முகப்பெங்கும் பூச்சிகள் அப்பியிருந்தன, அடியில் எண்ணெய் சொட்டியது. பெரியவர் குனிந்து ஒரு தகரத் தட்டை அதன் கீழே தள்ளிவிட்டு, ஈரத்துணியால் செட்டையைத் துடைக்கத் தொடங்கினார்.