புதுப்பிப்பு: ஊறுகாய்ப் புட்டிகளுக்குத் தொகுதி எண்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் வீட்டோடு நடத்தும் எங்கள் ஊறுகாய்த் தொழிலில், மூடி உப்பிய ஒரு மாங்காய்ப் புட்டி திரும்பி வந்தபோது, அது என்று போட்டது என்றே சொல்ல முடியாமல் நின்றதைச் சென்ற முறை எழுதியிருந்தேன். கணினி வேண்டாம், பேரேடே போதும் என்று நீங்கள் சொன்னபடி செய்தோம்.

இப்போது ஒவ்வோர் அண்டாவுக்கும் ஒரு தொகுதி எண் உண்டு. 250114-2 என்றால் 2025 ஜனவரி 14 அன்று கலந்த இரண்டாம் அண்டா. அந்த எண்ணுக்கு நேரே மாங்காய் வந்த நாள், எண்ணெய் டின்னின் எண், மிளகாய்த்தூள் மூட்டையின் எண், எந்தக் கடைக்கு எத்தனை புட்டி என அனைத்தும் எழுதப்படுகின்றன.

சிக்கல் மிளகாய்த்தூளில்தான் இருந்தது. பழைய மூட்டையின் மிச்சம் கிடக்கும் டப்பாவிலேயே அம்மா புதியதையும் கொட்டிவிடுவார். அப்படிக் கலந்துவிட்டால் பேரேட்டில் எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும் என்பதால், டப்பாவைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த மூட்டையைப் பிரிக்கிறோம்.

எண்ணெய் பட்டுச் சீட்டின் மை அழிந்ததால், துடைத்துக் காய்ந்த புட்டியில் மட்டுமே தொகுதி எண் எழுதிய சீட்டை ஒட்டுகிறோம்.

2018இல் இந்நாட்டில் உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியா நோய் பரவ, போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சி கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. அப்படித் திரும்பப் பெற நேர்ந்தால் எங்களால் முடியுமா என்று அறிய, சென்ற வாரம் ஏதோ ஒரு புட்டியை எடுத்துத் தேடிப் பார்த்தோம். அதே அண்டாவின் மற்றப் புட்டிகள் இருக்கும் கடைகளைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டோம்.