பாலியில் இரண்டு விடியல் வீணாகிவிட்டது: மீதமுள்ள மூன்று நாளில் சூரியோதயம் எங்கே பார்க்கலாம்?

மாயவரத்துப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மா, கணவர், ஒன்பது வயது மகள், நான் என்று நான்கு பேர் பாலிக்கு வந்திருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது. முப்பது வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவர். கரும்பலகையில் எத்தனையோ எரிமலை வரைந்திருக்கிறார், ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. எரிமலை பக்கத்தில் இருக்க, சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விஷயம்.

முதல் நாள் குட்டாவில் தங்கினோம். விடியற்காலை ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போய்விட்டோம். கடல் எதிரே கிடக்கிறது, வெளிச்சமோ முதுகுக்குப் பின்னால் ஹோட்டல்களுக்கு மேலே வருகிறது. சரி, அது மேற்குக் கரை என்று அப்புறம் புரிந்தது.

உபுட்டுக்கு மாறினோம். நேற்று அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, கிந்தாமணிப் பக்கம் பெனெலோகானுக்கு ஐந்தேகாலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். வானம் ஆரஞ்சானது, வெளுத்தது. ஆறே கால் ஆகியும் சூரியனைக் காணோம். அப்புறம் கீழிருந்து மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. "மேகம், இன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்றார் கார் ஓட்டி வந்தவர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னும் மூன்று விடியல் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி, மலை ஏற முடியாது. லெம்புயாங் கோயில் வாசலில் சூரியோதயம் நன்றாக இருக்கும் என்கிறார்களே, போகலாமா? இல்லை, நாங்கள் மூவரும் அம்மாவை விட்டுவிட்டுப் பத்தூர் எரிமலை ஏறுவதா? அதற்கு மனசு வரவில்லை.

மலைப்பித்தன்:
பத்தூர் ஏறாமல் பாலியில் சூரியோதயம் என்று பேசுவதில் அர்த்தமில்லை சகோதரி. ஏரிக்கரை சுமார் 1,030 மீட்டரில், உச்சி 1,717 மீட்டரில். நான்கு மணிக்கு நடக்கத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில் மேலே போய்விடலாம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டுதான் ஏற விடுவார்கள். மேலே பாறை இடுக்கில் வரும் நீராவியிலேயே முட்டை அவித்துத் தருவார்கள், உங்கள் மகள் அதை மறக்கவே மாட்டாள். இந்த மாதம் இன்னொரு விசேஷம்: அக்டோபர் நடுவில் உச்சியிலிருந்து பார்த்தால், கடலுக்கு அப்பால் லொம்போக் தீவின் ரிஞ்ஜானி மலை நிற்கும் திசையில்தான் சூரியன் வரும். ரிஞ்ஜானி 3,726 மீட்டர். நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் தெளிந்த நாளில் அதன் கூம்பு அப்படியே தெரியும்.

உபுட்வாசி:
மலைப்பித்தன் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் கேட்டவர் அம்மாவுக்காகக் கேட்கிறார். மூட்டு வலிக்காரருக்குப் பத்தூர் வேண்டவே வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, காலடியில் பொடிக்கல் சறுக்கிக்கொண்டே இருக்கும்.

மாயவரத்துப் பெண், முதலில் நேற்று என்ன நடந்தது என்று பார்ப்போம். பெனெலோகானில் எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள்? எதிரே என்னென்ன தெரிந்தது? வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

மாயவரத்துப் பெண்:
எதிரே ஏரி அண்ணா. இடப்பக்கம் கறுப்பாக ஒரு மலை, அதுதான் பத்தூர் என்றார்கள். வலப்பக்கம் அதைவிட உயரமாக இன்னொரு மலை. வெளிச்சமெல்லாம் அந்த வலப்பக்க மலைக்குப் பின்னால்தான் இருந்தது.

உபுட்வாசி:
நினைத்தேன். உங்களை ஏமாற்றியது மேகம் இல்லை, அந்த மலைதான். அதன் பெயர் அபாங், உயரம் 2,151 மீட்டர். நீங்கள் நின்றது சுமார் 1,450 மீட்டரில். பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. ஜூன் கடைசியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. அக்டோபர் நடுவில் கிழக்கிலிருந்து எட்டொன்பது டிகிரி தெற்கே இருக்கும். பெனெலோகானிலிருந்து பார்த்தால் சரியாக அபாங்கின் தோளுக்குப் பின்னால்.

இப்போது இங்கே உதய நேரம் 5.57 என்று போன் காட்டும். அது தட்டையான கடலுக்கான கணக்கு. அபாங்கைத் தாண்டி மேலே வர இன்னும் கால் மணி முதல் இருபது நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில்தான் மூட்டம் ஏறிவிட்டது. இதே இடத்துக்கு ஜூலையில் போயிருந்தால் பத்தூருக்கும் அபாங்குக்கும் நடுவே, ஏரிக்கு மேலே சூரியன் வந்திருக்கும். படங்களில் பார்ப்பது பெரும்பாலும் அந்த மாதத்துக் காட்சி. கார் ஓட்டுபவர்கள் வருடம் முழுக்க ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப்போவார்கள். பார்க்குமிடம் என்பதுதான் பெனெலோகான் என்ற பெயருக்கே அர்த்தம், அதனால் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

மூட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த பள்ளம் முழுக்க ஒரு பழைய எரிமலை வாய். சுமார் 29,000 ஆண்டுக்கு முன் ஒரு முறை, 20,000 ஆண்டுக்கு முன் இன்னொரு முறை உள்வாங்கி உண்டான பெருங்குழி அது. இன்றைய பத்தூர் அதற்குள் பிறகு முளைத்தது. அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி அந்தக் குழிக்குள் இறங்கித் தேங்கும், ஏரியின் ஈரம் சேர்ந்து வெண்மூட்டமாகப் படியும். நாம் அதற்கு மேலே நின்றால் பாற்கடல், உள்ளே நின்றால் வெறும் வெள்ளை. வெயில் பட்டதும் அது சரிவோடு மேலே ஊர்ந்து வரும். போதாததற்குத் தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தைத் தெற்குச் சரிவில்தான் ஏற்றிக் கொண்டுவரும். பெனெலோகான் தெற்கு விளிம்பில் இருக்கிறது.

அதனால் நாளைக்கு எதிர் விளிம்புக்குப் போங்கள். வடமேற்கு ஓரத்தில் பிங்கான் என்றொரு கிராமம். கார் கடைசி வரை போகும், ஏற்றம் இல்லை. அங்கிருந்து தென்கிழக்கே பார்த்தால் முன்னால் பத்தூர், அதன் பின்னால் அபாங், அதற்கும் பின்னால் பாலியிலேயே உயரமான அகுங் எரிமலை என்று மூன்றும் அடுக்காக நிற்கும். சூரியன் அந்த மலைகளுக்கு இடப்பக்கம் நன்றாகத் தள்ளி வரும், ஒன்றும் மறைக்காது. உபுட்டிலிருந்து மூன்றரைக்குக் கிளம்பி ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். ஐந்தே காலுக்கு மலைகளின் விளிம்பு தெரியத் தொடங்கும். இந்தப் பகுதியில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் வைகறை ரொம்ப நேரம் நிற்காது, தாமதமாகப் போனால் பாதிக் காட்சி போய்விடும்.

அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை கட்டாயம். கடற்கரையைவிட எட்டு ஒன்பது டிகிரி குளிர் கூடுதல்.

கடல்காற்று:
லெம்புயாங் பற்றி யாரும் சொல்லவில்லையே. அக்கா, அந்த இரட்டை வாசல் பார்த்து நிற்பது மேற்கே. வாசலுக்கு நடுவே தெரிவது அகுங் மலை, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். அது காலை வெயில் பட்ட மலையைப் பார்க்கும் இடம், வாசலுக்குள் சூரியன் உதிக்காது. படத்தில் தெரியும் தண்ணீரும் கிடையாது, போனுக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து எடுப்பது. படத்துக்கான வரிசை பல நேரம் மணிக்கணக்கில் நிற்கும். கோயிலாக நினைத்துப் போனால் நல்ல இடம். சூரியோதயத்துக்காகப் போக வேண்டாம்.

அதே மலையை நிம்மதியாகப் பார்க்க, ஒரு ராத்திரி அமெட்டில் தங்குங்கள். கிழக்கு மூலையில் இருக்கும் மீனவர் ஊர், அகுங்கின் மழை மறைவு என்பதால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஜெமெலுக் விரிகுடாவுக்கு மேலே சாலையோரத்திலேயே ஒரு மேடு இருக்கிறது. அங்கே நின்றால் வளைந்த கரையைத் தாண்டி நேர் மேற்கே அகுங் முழுசாகத் தெரியும். எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் திரும்பி மலையைப் பாருங்கள். அகுங் சுமார் 3,000 மீட்டர் உயரம். கடற்கரைக்கு வெயில் வருவதற்கு ஆறேழு நிமிடம் முன்பே உச்சிக்கு வந்துவிடும். உச்சி சிவந்து, அந்தச் சிவப்பு மெல்லக் கீழே இறங்கிவரும். அதே நேரத்தில் இரவு கடலுக்குப் போன ஜுகுங் படகுகள் முக்கோணப் பாய் விரித்துக் கரை திரும்பும்.

மாயவரத்துப் பெண்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 29,000 ஆண்டு என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நாளை பிங்கான், மறுநாள் அமெட் என்று வைத்துக்கொள்கிறோம். கடைசி நாள் மதியம் விமானம். அன்று விமான நிலையத்துக்குப் பக்கமாக ஏதாவது இருக்கிறதா? ஜீப்பில் பத்தூர் அடிவாரம் கூட்டிப்போகிறார்களாமே, அது அம்மாவுக்கு ஆகுமா?

உபுட்வாசி:
ஜீப் கறுப்பு லாவா வயலில் குலுங்கிக் குலுங்கிப் போகும். இடுப்பும் முட்டியும் பாழாகிவிடும், வேண்டாம். கடைசி நாளுக்குச் சானூர். கிழக்குக் கரை, விமான நிலையம் பக்கம்தான். பாறைத் திட்டு அலையைத் தடுப்பதால் கடல் குளம் மாதிரி இருக்கும், கரையோரம் நடக்க நல்ல பாதையும் உட்காரக் கூரைத் திண்ணைகளும் உண்டு. இந்த மாதம் அங்கே சூரியன் எதிரே உள்ள நுசா பெனிடா தீவின் மேல் விளிம்பிலிருந்து நான்கைந்து நிமிடம் பிந்தி வரும். அதனால் ஆறு மணிக்குக் காணோமே என்று எழுந்து வந்துவிடாதீர்கள். இடப்பக்கம் வடகிழக்கே அகுங் தெரியும்.

நாளைப் பிங்கான் போகும் வழியில் சாலையோரம் பெரிய கோயில் ஒன்று வரும், உலுன் டானு பத்தூர். அது முன்பு கீழே குழிக்குள் ஊரோடு இருந்தது. 1926 வெடிப்பில் ஊரை லாவா மூடியதால் மக்கள் மேலே குடியேறி, கோயிலையும் மேலே கட்டிக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

மாயவரத்துப் பெண்:
போய்விட்டு வந்தேன், முதல் வேலையாக இங்கேதான் எழுதுகிறேன்.

பிங்கானில் ஐந்து மணிக்கு இருட்டில் இறங்கினோம். ஒரு பெரியவர் இஞ்சிக் காபி போட்டுக் கொடுத்தார், அம்மாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்று மலையும் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டிலிருந்து பிரிந்து வந்தன. குழி முழுக்க வெள்ளை, நடுவில் சின்னச் சின்ன வீட்டுக் கூரைகள், மர உச்சிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. சூரியன் இடப்பக்கம் வந்ததும் அந்த வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அம்மா பேத்தியைப் பக்கத்தில் நிற்க வைத்து, காற்றில் விரலாலேயே வரைந்து காட்டினார்: இது வெளி விளிம்பு, இது உள் விளிம்பு, இது அதற்குள் முளைத்த புதிய கூம்பு என்று. ஏழரைக்கு மூட்டம் நம்மை நோக்கி ஏறி வந்தது. இந்த முறை அது எங்கிருந்து வருகிறது என்று என் மகளுக்கே தெரிந்திருந்தது.

அமெட்டில் சூரியன் வரவில்லை. லொம்போக் பக்கம் தடித்த மேகம் ஒன்று உட்கார்ந்துவிட்டது. ஆனால் கடல்காற்று அக்கா சொன்னபடி திரும்பி நின்றோம். அகுங்கின் உச்சியில் கொஞ்ச நேரம் செங்கல் நிறம் இருந்தது, அப்புறம் மங்கியது. படகுகள் வந்தன. சானூருக்கு நாளைப் போகிறோம்.

ஜனவரிப் பயணி:
இழையை முழுக்கப் படித்தேன். நான் ஜனவரி நடுவில் போகிறேன், வயது 28, அகுங் ஏற ஆசை. ஆகுமா?

மலைப்பித்தன்:
தம்பி, ஜனவரி மழையின் உச்சம். பெசாகி கோயில் வழி ஆறேழு மணி நேர இரவு ஏற்றம், ஈரப்பாறையில் வேண்டாம். அது அவர்களுக்குப் புனித மலை, பெரிய சடங்கு நாட்களில் ஏற விடுவதுமில்லை. 2017 முதல் 2019 வரை வெடித்துக்கொண்டிருந்த மலை அது. எந்த மாதம் போனாலும் இந்தோனேசிய எரிமலை மையம் நான்கு படிகளில் வெளியிடும் எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். ஜனவரியில் பத்தூருக்கு இரண்டு விடியலை ஒதுக்கிக்கொள். முதல் நாள் மழை என்றால் அடுத்த நாள் போகலாம். அகுங்குக்கு ஜூலையில் வா.