விசிட் விசாவில் போய் வேலை விசாவுக்கு மாறலாமா? புதுச் சபுராளிகள் (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவர்கள்) கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி எந்த ஊர்ப் பிள்ளையானாலும் முதல் கேள்வி இதுதான்: "விசிட்டில் இறங்கிட்டு அங்கேயே வேலை விசாவுக்கு மாத்திக்கலாமா காக்கா?"

அமீரகத்தில் மாற்றலாம், சட்டத்தில் வழி உண்டு. ஆனால் மாறி முடியும்வரை வேலையில் கை வைக்கக் கூடாது. "ரெண்டு வாரம் கடையில நில்லு, பிடிச்சா விசா அடிக்கிறேன்" என்று சொல்லும் முதலாளியிடம்தான் பாதிப்பேர் மாட்டுகிறார்கள். பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். செக்கிங் வந்தால் அவர் உங்களைத் தெரியாது என்பார், நீங்கள் ஊருக்கு ஏற்றப்படுவீர்கள். விசிட் 30 நாள் அல்லது 60 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம்.

முறையான வழி இது: ஆஃபர் லெட்டர், பிறகு என்ட்ரி பெர்மிட், இறங்கியதும் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐ.டி.க்குக் கைரேகை, கடைசியில் ரெசிடென்ஸ் (தங்கும் விசா). விசாச் செலவு, ஆள் எடுக்கும் செலவு எல்லாம் முதலாளி தலையில். சம்பளத்தில் பிடிப்பது அங்கே சட்டவிரோதம். அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் செயலியில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் ஏறியிருக்கிறதா, ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் அதில் உள்ள அடிப்படைச் சம்பளமும் ஒன்றா என்று பாருங்கள்.

அடுத்து பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவர்களுக்கு ஈ.சி.ஆர். (வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) விழும். வளைகுடா நாடுகள் ஆறும் மலேசியாவும் சேர்த்து 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் ஏஜென்ட் விசிட்டில் அனுப்பப் பார்ப்பார். ஏர்போர்ட் கவுன்டரில் ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிடம், கைக்காசு பற்றி நாலு கேள்வி கேட்டால் பொய் உடைந்துவிடும். ஆஃப்லோடுதான், அதாவது விமானம் ஏற விடமாட்டார்கள், டிக்கெட் காசு போச்சு. தப்பித்துப் போய்விட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். கிளியரன்ஸோடு எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடு 2 வருடத்துக்கு 275 ரூபாய், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ என்றால் 10 லட்சம். விசிட்டில் போனவருக்கு அது கிடையாது.

பத்தாவது தேறியும் சர்டிபிகேட் கொடுக்காமல் பாஸ்போர்ட் எடுத்தவர்கள், வெளிநாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர்கள், 50 வயது தாண்டியவர்கள் எல்லாம் ஈ.சி.ஆரை நீக்கிக்கொள்ளலாம். மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ் வழியாக ரீ-இஷ்யூ போடும்போது அதைக் காரணமாகக் காட்டினால் போதும். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லைசென்ஸை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்து, ரசீதோடு கொடுங்கள்.

பெயர்ச் சிக்கல் நம் ஆட்களுக்கென்றே வந்தது. இனிஷியல் வழக்கத்தால் பலருக்கு சர்நேம் கட்டம் காலி. ஒற்றைச் சொல் பெயரோடு வரும் விசிட் பயணிகளை அமீரகம் 2022 நவம்பர் முதல் ஏற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்கிறார்கள். ஆனாலும் ரீ-இஷ்யூவில் தகப்பனார் பெயரை சர்நேமாக ஏற்றிக்கொள்வதே நிம்மதி. விசா கைக்கு வந்தபின் மாற்றாதீர்கள், பாஸ்போர்ட் நம்பர் மாறி விசா உதவாமல் போகும்.

"ஃப்ரீ விசா" என்று ஒரு விசா எந்த நாட்டிலும் இல்லை. பேப்பரில் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) ஒருவர், வேலை வேறொருவரிடம். சவூதியில் இது குற்றம். கஃபீல் கோபத்தில் ஹுரூப் (ஆள் ஓடிவிட்டான் என்ற புகார்) போட்டுவிட்டால் இக்காமா (தங்கும் அனுமதி அட்டை) முடங்கும், ஊருக்கு வருவதும் சிக்கலாகும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருந்து மீன்பிடிக்குப் போகிறவர்கள் விசாவில் மீனவர் என்றே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வேலை விசாவில் போய்ப் படகேறினால் கடலில் பிடிபடும்போது சொல்ல பதில் இருக்காது.

சிங்கப்பூர் என்றால் ஐ.பி.ஏ. (வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல்) கடிதம் வராமல் காசு கொடுக்கவே வேண்டாம். சம்பளமும் பிடித்தமும் அதில் இருக்கும், தமிழிலும் கேட்டு வாங்கலாம். ஒர்க் பெர்மிட்டில் குடும்பத்தை அழைக்க முடியாது, பி.ஆருக்கும் (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பிக்க முடியாது. அதற்கு மேல்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸ், ஈ.பி. (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) வைத்திருப்பவர்கள் மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிரந்தரச் சம்பளம் இருந்தால் மனைவி மக்களை அழைக்கலாம். பெற்றோரோடு பி.ஆர். வாங்கும் ஆண்பிள்ளைக்குத் தேசிய சேவை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி) உண்டு, அதை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

வளைகுடாவில் சாதாரண உழைப்பாளிக்கு நிரந்தர வசிப்புரிமை எட்டாது. சவூதியின் காலவரையற்ற பிரீமியம் ரெசிடென்சி 8 லட்சம் ரியால். அமீரகத்தின் 10 வருட கோல்டன் விசாவுக்குச் சொத்து வழியில் 20 லட்சம் திர்ஹம். மற்றவர்களுக்கு வேலை இருக்கும்வரைதான் விசா. அமீரகத்தில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணம், வீட்டு வேலை என்று ஊரில் நீண்டநாள் தங்குகிறவர்கள் கவனிக்க: அமீரகத்துக்கு வெளியே 180 நாள் தாண்டினால் ரெசிடென்ஸ் செல்லாது. தாண்டிவிட்டால், விசாத் தேதி மிச்சமிருக்கும்போதே ஊரிலிருந்து ஆன்லைனில் ரீ-என்ட்ரி பெர்மிட் கேளுங்கள். தாமதத்துக்கான ஆதாரம் இணைக்க வேண்டும், கூடுதலான ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹம் கட்ட வேண்டும்.