அழகப்பா பல்கலைக்குக் கீழ உள்ள கல்லூரியா, மதுரையா? "பேரு" எவ்வளவு முக்கியம்?

மண்டபம் கரையோரம்:

தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருக்கா. ஒண்ணாம் வகுப்புல இருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். தமிழ், ஆங்கிலம் நீங்கலா 400-க்கு 331. பி.எஸ்சி. வேதியியல்தான் படிப்பேன்னு இருக்கா. டி.என்.பி.எஸ்.சி. எழுதணும், முடிஞ்சா எம்.எஸ்சி.யும் போகணும்னு ஆசை.

ரெண்டு வழி இருக்கு. ராமநாதபுரத்துல அரசு கல்லூரி, காரைக்குடி அழகப்பா பல்கலையோட இணைப்பு. இல்லைன்னா மதுரையில ஒரு தனியார் தன்னாட்சிக் கல்லூரி, காமராசர் பல்கலை இணைப்பு, ஹாஸ்டல்ல தங்கணும். மதுரைக்காரங்க இந்த வாரத்துக்குள்ள முதல் வருஷப் பணத்தைக் கட்டச் சொல்றாங்க. மீன்பிடித் தடைக்காலம், அப்பா கடலுக்குப் போகலை, கடன் வாங்கித்தான் கட்டணும். சொந்தக்காரங்க எல்லாம் "காரைக்குடி சர்டிபிகேட்டுக்கு மதிப்பு கிடையாது, மதுரைன்னா பேரு இருக்கு"ன்னு ஒரே பேச்சு. அது உண்மையா? அந்த மதிப்பை எதை வச்சுப் பார்க்கிறது?

சேதுக்கரை:

தம்பி, "காரைக்குடிக்கு மதிப்பு இல்லை"ங்கிறது தப்பு. அழகப்பா 1985-ல தமிழக அரசு தொடங்கின பல்கலை. 2017-ல நாக் (கல்லூரி, பல்கலைகளோட தரத்தை மதிப்பிடுற அமைப்பு) மூணாம் சுற்றுல 4-க்கு 3.64 வாங்கி ஏ பிளஸ். பின்னாடி மாத்தின அளவுகோல்ல 3.51 வாங்கினாலே ஏ பிளஸ் பிளஸ். அதனால எழுத்தை மட்டும் பார்த்து ரெண்டு இடத்தை ஒப்பிடாதீங்க, புள்ளியையும் வருஷத்தையும் சேர்த்துப் பாருங்க. 2018-ல யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) முதல் பிரிவு தன்னாட்சி கொடுத்த மாநிலப் பல்கலைகள்ல அதுவும் ஒண்ணு.

ஆனா இந்தப் பெருமை உங்க தங்கச்சிக்கு நேரா வந்து சேராது. எல்லாரும் தடுமாறுற இடம் இதுதான். அந்த 3.64 காரைக்குடி வளாகத்துல இருக்கிற துறைகளுக்கானது. இணைப்புக் கல்லூரி தனியா நாக் போகணும், அதோட தரம் வேற. மத்திய அரசு போடுற என்.ஐ.ஆர்.எஃப். தர வரிசையோட பல்கலைப் பட்டியலும் அப்படித்தான்: அதுல 100-க்கு 30 பங்கு ஆராய்ச்சிக்கு. ராமநாதபுரத்துல பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்குக் காரைக்குடிப் பேராசிரியர் எழுதின ஆய்வுக் கட்டுரையால டைட்ரேஷன் (கரைசலோட செறிவை அளக்கிற லேப் வேலை) கை வராது. மதுரைக்கும் இதே கதைதான், காமராசர் பல்கலையோட பேரு வேற, அந்தக் கல்லூரியோட தரம் வேற.

பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்தம், ரிசல்ட், பட்டம், இவ்வளவும் இணைப்புக் கல்லூரியில பல்கலை கையில. தன்னாட்சிக் கல்லூரின்னா பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரி கையில, பட்டத்துல மட்டும் பல்கலை பேரு வரும். எப்படியானாலும் பாடம் நடத்துறதும் லேபும் கல்லூரியோடதுதான். அதனால இணைப்புக் கல்லூரிக்குப் போறவங்க பல்கலைகிட்ட முக்கியமாப் பார்க்க வேண்டியது அதோட தேர்வுப் பிரிவு எப்படி வேலை செய்யுதுன்னு. போன வருஷம் ஆறாம் செமஸ்டர் ரிசல்ட் எந்தத் தேதியில வந்துச்சு, எம்.எஸ்சி. சேர்க்கை முடியறதுக்கு முன்னாடி மார்க் ஷீட் கைக்கு வந்துச்சா, மறுமதிப்பீட்டு முடிவு வர எத்தனை வாரம் ஆச்சு, இதை இறுதியாண்டு முடிச்ச ரெண்டு பேர்கிட்ட கேளுங்க. ரிசல்ட் தாமதமானா நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்கும் ஒரு வருஷம் போயிடும்.

அடுத்து கல்லூரி. கல்லூரி என்.ஐ.ஆர்.எஃப்.க்கு விண்ணப்பிச்சிருந்தா, கொடுத்த தகவல் அதோட இணையதளத்துல பி.டி.எஃப்.பா இருக்கணும். தர வரிசையில இடம் வராத கல்லூரியும் அதைப் போட்டிருக்கும். அதுல "மூன்றாண்டு இளநிலை" அட்டவணையைத் திறங்க. எத்தனை பேர் சேர்ந்தாங்க, குறிச்ச காலத்துல எத்தனை பேர் முடிச்சாங்க, வேலை எத்தனை பேருக்கு, சம்பளத்தோட நடுமதிப்பு, மேல்படிப்புக்கு எத்தனை பேர், எல்லாம் ஒரே வரியில இருக்கும். உதாரணமா 600 பேர் சேர்ந்து 350 பேர்தான் நேரத்துக்கு முடிச்சிருந்தா, மத்தவங்க அரியர்லயோ இடைநிற்றல்லயோ போயிருக்காங்கன்னு அர்த்தம். சேர்ந்தவங்க எண்ணிக்கையையும் முடிச்சவங்க எண்ணிக்கையையும் ஒரே ஆண்டுத் தொகுதிக்குப் பாருங்க, வேற வேற வருஷத்தைப் பக்கத்துல வச்சா கணக்கு பிசகும். இதுல ஒரு குறையும் உண்டு: பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. எல்லாம் சேர்ந்த கணக்கு, வேதியியல் மட்டும் தனியாத் தெரியாது.

அதே கோப்புல ஆசிரியர் பட்டியல் வரும். சேர்ந்த தேதியையும் நிரந்தரமாங்கிறதையும் பாருங்க. தனியார் கல்லூரியில பாதிப்பேர் போன வருஷம்தான் சேர்ந்திருந்தா அங்க ஆசிரியர் தங்குறதில்லைன்னு புரியும். அரசு கல்லூரின்னா கௌரவ விரிவுரையாளர் (நிரந்தரமில்லாம தற்காலிகமா எடுக்கிறவங்க) எத்தனை பேர்னு கேளுங்க. அவங்க திறமை குறைவுன்னு சொல்ல வரலை, பல துறைகளைத் தாங்குறதே அவங்கதான். ஆனா நியமனம் தள்ளிப்போற வருஷத்துல முதல் செமஸ்டர் வகுப்பு அப்படியே நிக்கும்.

பரமக்குடித் தறி:

டி.என்.பி.எஸ்.சி. தான் குறின்னா பல்கலையோட பேருக்கு அங்க ஒரு மார்க்கும் கிடையாது. யு.ஜி.சி. அங்கீகரிச்ச பட்டமா, பத்து, பிளஸ் டூ, டிகிரின்னு வரிசையாப் படிச்சதாங்கிறதுதான் கேள்வி. நிஜமான வித்தியாசத்தைக் கொண்டு வர்றது இன்னொண்ணு, அதை யாரும் உங்ககிட்ட சொல்லலை போல.

தமிழ் வழியில படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமை இருக்கு. 2010-ல வந்த சட்டம், 2020-ல திருத்தினாங்க. திருத்தத்துக்கு அப்புறம், பட்டம் தகுதியா இருக்கிற பதவின்னா ஒண்ணாம் வகுப்புல இருந்து பட்டம் வரைக்கும் தமிழ் வழியில படிச்சிருக்கணும். உங்க தங்கச்சி பன்னிரண்டு வருஷம் அதைச் சேர்த்து வச்சிருக்கா. மதுரைக் கல்லூரியில ஆங்கில வழி வேதியியல்ல சேர்ந்தா குரூப் 2 மாதிரி பட்டத் தகுதித் தேர்வுகளுக்கு அந்த உரிமை அன்னைக்கே போயிடும். அதனால விண்ணப்பத்துல பாடத்துக்குப் பக்கத்துல தமிழ் வழியா ஆங்கில வழியான்னு பார்த்துத் தேர்வு செய்யணும். வகுப்புல தமிழ்ல விளக்குறாங்கங்கிறது போதாது, கல்லூரி கொடுக்கிற சான்றுல தமிழ் வழின்னு இருக்கணும்.

இன்னொரு கண்ணி பட்டத்தோட பேரு. நேரா "வேதியியல்"னு இருந்தா சிக்கல் இல்லை. புதுசு புதுசா நீளமான பேர்ல வர்ற பட்டங்களுக்கு, வேதியியலுக்கு இணையானதுன்னு அரசாணை இருக்கணும். இல்லைன்னா ஆசிரியர் தேர்வு வாரியத்துல சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மண்டபம் கரையோரம்:

தமிழ் வழி விஷயம் நிஜமாவே தெரியாது, ரொம்ப நன்றிண்ணே. அப்ப பல்கலையோட பேரு எங்கயுமே உதவாதா? எம்.எஸ்சி. போகும்போது? மதுரையில பணம் கட்டிட்டு அரசு கல்லூரி கிடைச்சா திரும்ப வாங்க முடியுமா?

தொண்டி வெண்மணல்:

உதவும், ஆனா எம்.எஸ்சி.யில இருந்துதான். அப்போ பல்கலை வளாகத்துக்குள்ளேயே படிப்பா, அந்தத் துறை, கருவி, வழிகாட்டி எல்லாம் நேரா அவளுக்கு. காரைக்குடியில தொழில்துறை வேதியியலுக்குத் தனித் துறை இருக்கு. அதே ஊர்லதான் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1948-ல அடிக்கல் போட்டு 1953-ல திறந்தது. அதுக்கு இடமும் பணமும் கொடுத்ததும் அழகப்பச் செட்டியார்தான். உப்புக்காத்துல இரும்பு எப்படி அரிக்குதுன்னு பார்க்கிற சிக்ரியோட நிலையம் உங்க மண்டபம் முகாம்லயே இருக்கு. வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு நம்ம கரையே ஒரு லேப். அழகப்பாவோட கடலியல் துறை இங்க தொண்டியில இருக்கு, அதுவும் ஒரு வழி. தகுதியா எந்தெந்தப் பட்டத்தை ஏத்துக்கிறாங்கன்னு அந்தந்த வருஷ விவரக்குறிப்புல பாருங்க.

வெளிநாடு போறவங்களுக்கும் பல்கலை முக்கியம். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் வளைகுடா போறவங்களுக்குத் தெரியும், பட்டத்துக்கு அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) வாங்கப் போனா முதல்ல பல்கலைகிட்ட உண்மைத்தன்மைச் சான்று கேப்பாங்க. அங்க தேவை வேகமா வேலை நடக்கிற தேர்வுப் பிரிவு.

பணம் திரும்பக் கிடைக்கும், ஆனா தேதி பார்க்கணும். யு.ஜி.சி. 2018 அறிவிக்கைப்படி, கல்லூரி அறிவிச்ச சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதுக்கும் மேலோ முன்னாடி விலகினா 100 சதவீதம் (செயல்பாட்டுக் கட்டணமா 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் பிடிக்கலாம்). அந்த 15 நாளுக்குள்ளன்னா 90. கடைசி நாள் தாண்டி 15 நாள் வரைக்கும் 80, 30 நாள் வரைக்கும் 50, அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லை. அதனால கட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி நாள் எதுன்னு எழுத்துல வாங்குங்க. ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட்டைக் காட்டலாம், கொடுத்துட்டு வராதீங்க. கல்லூரி அதை வச்சுக்க யு.ஜி.சி. அனுமதிக்கலை. ஒருதடவை ஒரிஜினல் உள்ள போயிட்டா, கலந்தாய்வு அன்னைக்கு அரசு கல்லூரியில காட்ட கையில ஒண்ணும் இருக்காது.

பரமக்குடித் தறி:

அரசு கல்லூரிக்குப் பொதுவான ஒரே இணைய விண்ணப்பம்தான், ஒண்ணுக்கு மேல கல்லூரி குறிக்கலாம். ராமநாதபுரத்தோட நிறுத்தாம பரமக்குடியையும் போடுங்க. தர வரிசை நீங்க சொன்ன 400 மார்க்கை வச்சு, இனவாரியா வரும். போன வருஷம் உங்க பிரிவுல வேதியியல் எந்த மார்க்ல நின்னுச்சுன்னு கல்லூரி உதவி மையத்துல கேட்டா சொல்வாங்க.

ஷிப்டையும் கவனிங்க. ரெண்டாம் ஷிப்ட்னா சாயங்காலம்தான் விடும், மண்டபம் வந்து சேர இருட்டிடும். அரசு கல்லூரிப் பிள்ளைங்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவளுக்கு எங்க படிச்சாலும் வரும். அதுக்காக மதுரை போக வேண்டியதில்லை, போகாம இருக்கவும் வேண்டியதில்லை.

சேதுக்கரை:

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கல்லூரிக்கும் ஒருநாள் வேலை நேரத்துல போங்க தம்பி. நேரா வேதியியல் லேப். வாட்டர் டேப் தண்ணி வருதா, ப்யூரெட்ல (கரைசலை அளந்து விடுற கண்ணாடிக் குழாய்) ஸ்டாப்காக் திருகு ஒழுகாம இருக்கா, ஒரு பேட்ச்சுல எத்தனை பேருக்கு ஒரு தராசுன்னு பாருங்க. நாலு பேர் ஒரு ப்யூரெட்டைச் சுத்தி நின்னா ஒருத்தர் செய்வாங்க, மூணு பேர் ரீடிங்கைக் காப்பி அடிப்பாங்க. அப்புறம் ரெண்டாம் வருஷப் பிள்ளை ஒண்ணுகிட்ட ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்க. எந்தத் தேதியில எந்தச் சோதனைன்னு வாரத்துக்கு ஒண்ணா ஓடியிருக்கணும். தேர்வுக்கு முந்தின பதினைஞ்சு நாள்ல எல்லாத் தேதியும் குவிஞ்சிருந்தா அங்க லேப் நடக்கலை. தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க, நோட்டைப் பார்த்தா அவளுக்கே தெரியும்.